தம்பி கொண்டுவந்த பட்டியல்

2024-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி ஞாயிறு. இரண்டாம் திருப்பலியை முடித்துவிட்டு அறைவீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கையில் மடித்த காகிதத்துடன் வந்து நின்றார். கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். மூத்த மகன் குவைத்தில் வேலை செய்கிறான். இளையவன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்திருந்தான்.

"சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க. பெரியவன் மூணு லட்சம் அனுப்பியிருக்கான். சின்னவன் விளையாடுறதுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போறானாம். மழைக்கு வீடு ஒழுகுது. நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்" என்றார்.

அவர் நம்மிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டுத் தவக்காலத்தில் கணினி விளையாட்டுகளைக் கண்டித்து நாம் நீண்டதொரு மறையுரை ஆற்றியிருந்தோம். இளைஞரின் நேரத்தையும் கண்களையும் விழுங்கும் பூதம் என்றெல்லாம் சொன்னதாக நினைவு. ஒரு விளையாட்டையேனும் நாம் அருகிலிருந்து பார்த்ததில்லை என்பதை அன்று யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

மாலையில் தம்பியை வரச் சொன்னோம். வந்தான்; திண்ணையில் அமரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான். காகிதத்தை விரித்தோம். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 64 ஜி.பி. ராம், தண்ணீரால் குளிர்விக்கும் சாதனம், வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கேபினெட், 4கே மானிட்டர் என்று அடுக்கடுக்காகப் போயிற்று. கூட்டுத்தொகை மூன்று லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கூரை ஒழுகும் வீட்டில் விளக்கு மின்னும் கண்ணாடிப் பெட்டியா என்ற சொல் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

ஆயினும் குருமடத்தில் மெய்யியல் கற்பித்த முதிய குரு ஒருவர் எதை ஆராய்ந்தாலும் முதலில் அதன் இறுதிக் காரணத்தைக் கேட்கச் சொல்வார். எதற்காக என்பது விளங்காமல் எதனால், எவ்வாறு என்று ஆராய்வது வீண் என்பார். அப்பழக்கத்தால், "இதில் என்ன விளையாடப் போகிறாய் தம்பி?" என்று கேட்டு வைத்தோம்.

"விமானம் ஓட்டுறது, சாமி" என்றான்.

பிறகுதான் சங்கதி மெல்ல வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்று ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. இதில் சுடுவதுமில்லை, கொல்வதுமில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் உள்ளே அமைத்து, 37,000-க்கு மேற்பட்ட விமான நிலையங்களையும் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தும் ஏறலாம், எங்கும் இறங்கலாம். உண்மை விமானத்தின் கருவிகளைப் படித்தறிந்தே ஓட்டவேண்டும். வெவ்வேறு நாட்டிலிருக்கும் இருவர் ஒரே வானில் பக்கத்தில் பக்கத்தில் பறக்கலாம். மூத்தவனுக்கு விமானப் பராமரிப்புப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. தந்தை இறந்த ஆண்டில் அதை விட்டுவிட்டுக் குவைத்துக்குக் கப்பல் கம்பெனி வேலைக்குப் போனான். அங்கே தன் அறையில் எக்ஸ்பாக்ஸ் என்னும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் தனியே பறந்துகொண்டிருக்கிறான். தம்பியும் உடன் வரவேண்டும் என்பது அவனுடைய ஆசை. பணம் அவனுடையது, ஆசையும் அவனுடையது.

நாம் உடனே இளகிவிட்டோம் என்று எண்ணவேண்டாம். "அண்ணன் வைத்திருக்கும் பெட்டியே 40,000 ரூபாய்க்குள் கிடைக்குமே, அது போதாதா?" என்று மடக்கினோம். இறுதியாண்டில் முப்பரிமாண வரைவு மென்பொருள்கள் வேண்டுமென்றும், அவை அப்பெட்டியில் ஓடாவென்றும், பழைய மடிக்கணினி இப்போதே திணறுகிறதென்றும், எப்படியும் ஒரு கணினி வாங்கத்தான் வேண்டுமென்றும் சொன்னான். நியாயமாகத்தான் பட்டது. இனி, எத்தகைய கணினி என்பதே கேள்வி. கோபுரம் கட்ட எண்ணியவன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். உண்மையாகவே உட்கார்ந்து கணக்கிட்டது அந்த வாரத்தில்தான்.

நான்கு மாலைப்பொழுதுகள் பிடித்தன. தம்பி சொல்லச் சொல்ல, நாம் குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்க, பட்டியல் உருமாறியது.

மானிட்டரில் தொடங்கினோம். பலரும் இதைக் கடைசியில் வாங்குகிறார்களாம்; அது தலைகீழான முறை. திரையில் எத்தனை புள்ளிகள் என்பதைப் பொறுத்தே மற்ற அனைத்தும் அமைகின்றன. சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள். அதற்கு அடுத்ததில் 36,86,400. தம்பி கேட்ட 4கே திரையிலோ 82,94,400. நொடிக்கு 60 படம் என்றால், இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை புதிதாகத் தீட்டவேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு. துப்பாக்கி விளையாட்டு ஆடுவோருக்கு 144 படமும் அதற்கு மேலும் தேவைப்படலாம். விமானம் ஓட்டுபவனுக்கு 50 படம் சீராக வந்தால் போதும் என்று தம்பியே ஒத்துக்கொண்டான். நடுத்தரத் திரை முடிவாயிற்று. உடனே கிராபிக்ஸ் கார்டும் ஒரு படி இறங்கி, ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர் ஆயிற்று. 12 ஜி.பி. தனி நினைவகம், 7,168 சிறு கணிப்பகங்கள். நம் திருவிழா அசனத்துக்குக் காய் நறுக்க அமரும் பெண்களைப் போல, ஒவ்வொன்றும் செய்வது சிறு வேலை. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒரு கார்டில் மட்டும் 50,000 ரூபாய் மிஞ்சியது.

பிராசசரில்தான் நாம் அதிகம் கற்றோம். ஐ9-14900கே-யில் 24 உள்ளகங்கள். தம்பி அதில் மயங்கியிருந்தான். ஆனால் இந்த விமான விளையாட்டில் பெரும்பாரம் ஒரு சில உள்ளகங்களின் மீதே விழுகிறது. மற்றவை கைகட்டி நிற்கின்றன. அந்தச் சில உள்ளகங்களுக்குத் தேவையான விவரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பதே முக்கியம். இதை நாம் அடுக்களையை வைத்துப் புரிந்துகொண்டோம். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் கடைத்தெரு. ராம் என்பது வீட்டு மளிகை அலமாரி. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமோ அடுப்பின் பக்கத்தில் வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கு ஒவ்வொரு முறையும் அலமாரிக்கு எழுந்து போகிறவள் எவ்வளவு கைவேகம் உள்ளவளாயினும் சமையல் தாமதமாகும். ஏ.எம்.டி. நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரில் உள்ளகங்கள் எட்டுத்தான்; ஆனால் மூன்றாம் நிலைக் கேஷ் 96 எம்.பி. அந்த ஐ9-இலோ 36 எம்.பி. கூடுதல் நினைவகத்தை மாடி வீட்டைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாதித்திருக்கிறார்கள். விமான விளையாட்டில் இந்த எட்டு உள்ளகம் அந்த இருபத்துநான்கை முந்திவிடுகிறது. மின்சாரமும் பாதிகூடச் செலவாவதில்லை. ஆகவே தண்ணீர்க் குழாய்கள் வேண்டா. பெரிய காற்றாடி வைத்த உலோகக் கூடு ஒன்றே போதும்.

இதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நல்ல காலம் என்றே சொல்லவேண்டும். அடுத்த ஜூலையில், தன் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

ராம் 64 ஜி.பி.யிலிருந்து 32 ஆயிற்று. நான்கு தகடுகள் போட்டால் இந்த மதர்போர்டில் வேகம் குறையும், 16 ஜி.பி. தகடுகள் இரண்டு போதும். (2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கணினி நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதால் இதே தகடுகளின் விலை எங்கோ ஏறிவிட்டது. தம்பி அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வான்.) கண்ணாடிக் கேபினெட் போய், முகப்பில் வலை வைத்ததும் தூசி வடிகட்டி உள்ளதுமான இரும்புப் பெட்டி வந்தது. கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கோவில் மணியின் சங்கிலியே சாட்சி.

எஞ்சியது பவர் சப்ளை ஒன்று. அதைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம் எனலாம்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் சென்னையில் நமக்கு ஒரு கூட்டம் இருந்தது. தம்பியை உடன் அழைத்துக்கொண்டு முத்துநகர் விரைவு வண்டியில் ஏறினோம். கூட்டம் முடிந்த மாலையில், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். தோளோடு தோள் உரசும் சந்து. சிறு சிறு கடைகள். விலை கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கடைக்காரர் கூப்பிடுகிறார். வெள்ளை அங்கியைக் கண்டு வழிவிட்டவர்கள் சிலர். விலையை ஏற்றியவர்களும் சிலர் இருக்கலாம். ஒவ்வொன்றாக வாங்கி முடித்துக் கடைசியில் பவர் சப்ளைக்கு வந்தோம். தம்பி எழுதியிருந்தது 750 வாட், தங்கத் தரச் சான்று பெற்றது, 8,400 ரூபாய். பக்கத்திலேயே 550 வாட் ஒன்று 2,700 ரூபாய்க்கு இருந்தது.

குருமடத்து நாள்களில் நாம் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுண்டு. ஆயர் இல்லத்து ரேடியோவையே ஒருமுறை பேச வைத்திருக்கிறோம். அந்தப் பெருமை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது, அன்று விழித்துக்கொண்டது. பவர் சப்ளை என்றால் நாம் அறியாததா? ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, ஒரு கண்டன்சர். கார்டுக்கு 220 வாட், பிராசசருக்கு 120. மற்றவற்றைச் சேர்த்தாலும் 400-ஐத் தாண்டாது. 550 தாராளம். "விளையாட்டு இந்த டப்பாவிலா ஓடுகிறது? இதற்கு ஏன் 8,400? அம்மாவின் ஓட்டைக் கூரையை நினைத்துப் பார்" என்றோம்.

"சாமி, இதுல மட்டும் குறைக்க வேண்டாம்னு சொல்றாங்க..." என்று இழுத்தான் தம்பி. கடைக்காரரும், "நல்லதாப் போட்டுருங்க ஃபாதர்" என்றார். வியாபாரி அப்படித்தான் சொல்வார் என்று எண்ணினோம். தம்பி நம் முகத்தைப் பார்த்தான்; பிறகு தலையாட்டிவிட்டான்.

மொத்தம் 1,68,000 ரூபாய். மீதி 1,32,000 கூரைக்கு. ஊர் திரும்பும்போது நமக்குள் இருந்த நிறைவை மறைப்பதற்கில்லை.

அவர்கள் வீட்டு முன்னறையில் தம்பியே பூட்டினான். நாம் டார்ச் பிடித்தோம். பிராசசரை அமர்த்தும் தளத்தில் 1,718 மெல்லிய தொடுமுனைகள். ஒன்று வளைந்தாலும் போயிற்று. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தபோது நாமும் பிடித்துக்கொண்டோம். எல்லாம் முடித்து விசையைத் தட்டினால் காற்றாடிகள் சுழன்றன. திரையோ இருண்டே கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தாய் வாயிற்படியில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். நாம் பதுவை அந்தோணியாரை வேண்டத் தொடங்கினோம். "பொறுங்க சாமி, முதல் தடவை ராமை அதுவாப் பழகிக்கிடும்" என்றான் தம்பி. அப்படித்தானாம், இவ்வகை மதர்போர்டுகள் முதன்முறை சில நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. படம் வந்தது. ஆனால் விளையாட்டைத் தொடங்கினால் நொண்டியது. அரை மணி நேரம் கழித்தே கண்டுபிடித்தான்: மானிட்டர் வடத்தைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறான். அறுபதாயிரம் ரூபாய்க் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது. அன்றுதான் தாய் முதன்முறையாகச் சிரித்தார்.

அண்ணனும் தம்பியும் ஒரு திட்டம் வகுத்தார்கள். குவைத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஒவ்வொரு வெள்ளி இரவும் சிறிய செஸ்னா விமானங்கள் இரண்டில் அவர்கள் பறப்பார்கள். இறங்கிய இடத்திலிருந்து அடுத்த வெள்ளி தொடர்வார்கள். குவைத்திலிருந்து பஹ்ரைன், மஸ்கட், கராச்சி, மும்பை, கோவா, கொச்சி என்று கரையோரமாகவே ஊர் நோக்கி வரவேண்டும். கடைசியில் வாகைக்குளத்தில், நம் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கவேண்டும். மூத்தவனுக்கு விடுப்புக் கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும்.

ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த வாரத்தில், கூரை வேலை தொடங்கிற்று. அக்டோபரில் முடிந்தது. பணமும் முடிந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளி இரவு. வெளியே வடகிழக்குப் பருவமழை. மின்சாரம் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சகோதரர் இருவரும் திருவனந்தபுரத்திலிருந்து கடைசிக் கட்டத்தில் கிளம்பியிருந்தார்கள். பொதிகை மலையைத் தாண்டினால் முக்கால் மணி நேரப் பயணம். மலையின்மேல் இருக்கையில், பெட்டிக்குள் சடக்கென்று ஓர் ஓசை, கரிந்த நாற்றம், இருள். குவைத்தில் இருப்பவனுக்கோ பக்கத்தில் பறந்த விமானம் திடீரென மறைந்தது. அழைத்த குரலுக்குப் பதிலில்லை. பயந்துபோய்த் தாயின் கைப்பேசிக்கு அடித்திருக்கிறான். நள்ளிரவில் வெளிநாட்டு அழைப்பு வந்தால் நம் கடற்கரைத் தாய்மார் என்ன நினைப்பார்கள் என்று விளக்கவேண்டியதில்லை.

காலையில் பூசை முடிந்ததும் தம்பி வந்து நின்றான். பவர் சப்ளை எரிந்தது மட்டுமன்றி மதர்போர்டையும் கொண்டு போய்விட்டது. எரிந்த தடம் இருப்பதால் மதர்போர்டுக்கு உத்தரவாதம் செல்லாதாம்.

நம் வானொலிக் கணக்கில் எங்கே பிழை என்பதை அன்றுதான் உட்கார்ந்து படித்தோம். கார்டு 220 வாட் என்பது சராசரிதான். நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு அது அதைவிட வெகுவாக இழுக்கிறது. 12 வோல்ட்டில் 220 வாட் என்றாலே 18 ஆம்பியருக்கு மேல். நம் ரேடியோக்களில் ஓர் ஆம்பியரே அதிகம். அக்கார்டைச் செய்தவர்களே 650 வாட் சப்ளையைப் பரிந்துரைத்திருந்தார்கள். அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. நல்ல சப்ளை திடீர் இழுப்பைத் தாங்கும். தாங்க முடியாதபோது, தான் நின்றாலும் மற்றவற்றைக் காத்துவிட்டு நிற்கும். அதற்கான பாதுகாப்புச் சுற்றுகளுக்கே அந்த 8,400 ரூபாய். தங்கச் சான்று என்பது மின்சாரத்தை வீணாக்காமைக்கு 2008 முதல் வழங்கிவரும் முத்திரை. அது மட்டுமே பாதுகாப்புக்கு உறுதியாகாது. இதையும் தம்பி முன்பே அறிந்து, ஆய்ந்தே அந்தக் குறிப்பிட்ட சப்ளையை எழுதியிருந்தான்.

"முன்னறிவிப்பு ஏதும் இருந்ததா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆகஸ்ட்லேருந்தே அப்பப்ப அதுவா அணைஞ்சு போகும், சாமி. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." என்றான்.

மூன்று மாதம். நம் முகம் வாடக்கூடாதென்று அவன் மூன்று மாதம் அதைத் தன்னோடு வைத்திருந்தான். ரிச்சி தெருவில் அவன் தலையாட்டியதை எத்தனையோ இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறோம். எதிரே நின்றவர் அங்கி அணியாதவராக இருந்திருந்தால் அவன் வாதாடியிருப்பான், வென்றுமிருப்பான்.

நம் குருத்துவ வெள்ளி விழாவுக்கு அன்பர்கள் அளித்த தொகையில் மிச்சம் இருந்தது. புதிய மதர்போர்டுக்கும் அந்த 750 வாட் சப்ளைக்கும் சேர்த்து 26,000 ரூபாய் ஆயிற்று. தாய் வாங்க மறுத்தார். "குருவானவர் காசை வாங்குனா பாவம் சாமி" என்றார். கடனைத் திருப்பிச் செலுத்துகிறோமே தவிர கொடை கொடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தோம். பயனில்லை. முடிவில், மறையுரையில் நாம் விளையாட்டைப் பற்றிப் பேசியது பாதிக்குமேல் அறியாமல் பேசியது என்று ஒப்புக்கொண்டபோதுதான் கையை நீட்டினார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிராசசரும் கார்டும் தப்பியிருந்தன. டிசம்பர் முதல் வெள்ளி இரவு நாமும் போயிருந்தோம். பொதிகை மலைமேல் நிலவு. அண்ணனின் விமான விளக்கு இடப்பக்கத்தில் சிமிட்டிக்கொண்டு வந்தது. தாமிரபரணி வெள்ளிக் கம்பியாகத் தெரிந்தது. நம் கோவிலைக் காட்டுமாறு கேட்டோம். இறங்குவதற்கு முன் தம்பி கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடங்களைக் கணினியே ஊகித்து எழுப்புகிறதாம். நம் கோவிலை மூன்று மாடிக் குடியிருப்பு என்று ஊகித்திருந்தது. கோபுரத்தைக் காணோம். "பரவாயில்ல, இடம் அதுதான்" என்றான் குவைத்திலிருந்து மூத்தவன். தாயின் காதில் ஒலிக்கருவியை மாட்டினார்கள். அவர் விமானத்தைப் பார்க்கவேயில்லை. "சாப்பிட்டியாப்பா" என்றுதான் கேட்டார். இருவரும் இறங்கினார்கள். தம்பியின் விமானம் ஓடுபாதையில் சற்றே குதித்தது.

பிறகு கருப்பட்டிக் காப்பி வந்தது. மின்சாரம் ஏறி இறங்குவதால் இனி ஒரு யு.பி.எஸ். வைப்பது நல்லது என்று தம்பி மெல்லச் சொன்னான். அதில் இரண்டு வகை உண்டென்றும், விலை குறைந்த வகை இத்தகைய பவர் சப்ளைக்குச் சரிப்படாமல் போகலாமென்றும் விளக்கத் தொடங்கினான். குருமடத்தில் நாம் பேட்டரிகளைக் கையாண்ட அனுபவம் நினைவுக்கு வர, வாயைத் திறந்தோம்.

"சாமி, காப்பி ஆறுது" என்றார் தாய். "இதை அவனே பாத்துக்கிடட்டும்."